பின் பெடல்

தில்லையர் உழக்கவில்லை. கால்கள் பெடலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டுதான் இருந்தன, பார்க்கிறவனுக்கு இந்த வயதிலும் மனுசன் என்னமாய்ச் சைக்கிள் உழக்குகிறார் என்றுதான் தோன்றும், ஆனால் அந்தக் கால்களுக்குள் அவர் ஒரு சொட்டுப் பலமும் விடவில்லை. இரண்டு பேர் ஏறுகிற நீட்டுச் சைக்கிள் அது. முன்னுக்கு இருப்பவனின் பெடலும் பின்னுக்கு இருப்பவனின் பெடலும் ஒன்றோடொன்று சங்கிலியால் பூட்டப்பட்டவை, ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆகவேண்டும். காலையில் வாடகைக் கடைக்காரன் அதைக் கையால் சுற்றிக் காட்டியபோதே தில்லையருக்கு விளங்கிவிட்டது: பின்னுக்கு இருப்பவன் சும்மா காலை வைத்துக்கொண்டு இருந்தால், முன்னுக்கு இருப்பவன் தன் காலையும் உழக்கி அவன் காலையும் தூக்கி இறக்க வேண்டியதுதான். அதுவும் அவனுக்குத் தெரியப்போவதில்லை, முதுகில் யாருக்குக் கண் இருக்கிறது. முன்னுக்கு இருந்தவன் குணநாயகம், எல்லாருக்கும் குணம், தங்கச்சி பூமணியின் புருசன். நெஞ்சுக்குள் அடைப்பெடுத்துக் கம்பி வைத்து இன்னும் வருசம் ஆகவில்லை. மெல்ல மெல்லச் சைக்கிள் ஓடுவது நல்லது, ஆனால் மூச்சு வாங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லி, அதற்காகத்தான் அவன் மகள் துளசிகா இந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். பழைய ரயில்பாதை, தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள், கார் இல்லை, மோட்டார்சைக்கிள் இல்லை, ரயில் ஏறின ஏற்றம்தானே, பெரிய மேடும் இல்லை. புறப்படுகிற இடத்தில் பூமணி தில்லையரை ஒதுக்கிக் கூட்டிப்போய், கடை மதிலோரம் நின்று, "அண்ணை, ஏத்தம் வந்தால் நீ உழக்கு. அவர் வீம்புக்கு உழக்குவார், விடாதை" என்றாள். பிறகு விரல் நீளத்தில் ஒரு போத்தலை அவருடைய இடுப்புப் பைக்குள் வைத்து, ஸிப்பைத் தானே இழுத்து மூடினாள். "நாக்குக்குக் கீழை அடிக்கிற மருந்து. அவரிட்டைக் குடுத்தால் எங்கையாவது வைச்சிட்டு நிண்டு முழிப்பார். நீ வைச்சிரு." "நீ பயப்படாதை பிள்ளை, நான் உழக்குவன்" என்று சொன்னார் தில்லையர். சொல்லும்போது பொய்யென்று நினைத்துச் சொல்லவுமில்லை. ஏறி உட்கார்ந்து, அந்தப் பிடரியைப் பார்த்த பிறகுதான் கால் சோர்ந்தது.

அந்தப் பிடரி. தலைக்கவசத்துக்கும் சட்டைக் கொலருக்கும் நடுவில் நாலு விரல் அகலம். பூமணி பூசிவிட்ட வெயில் கிறீம் சரியாகத் தேய்படாமல் மடிப்புக்குள் வெள்ளையாய்க் கிடந்தது, பூமணி கத்தரித்துவிட்ட மயிர், அதற்குக் கீழே ஒரு கறுத்த பாலுண்ணி. இரண்டு பக்கமும் ஒலிவ மரங்கள் வந்துகொண்டே இருந்தன, காற்று அடித்தால் இலை எல்லாம் புரண்டு வெள்ளிபோல் மினுங்கும், அடியில் காய் விழுகிறதற்குப் பச்சை வலை விரித்திருந்தார்கள். அழகான இடம்தான். ஆனால் தில்லையருக்கு மரம் பக்கவாட்டில் ஓடுகிற ஒன்று, எதிரில் இருந்தது பிடரி. இந்தப் பிடரிக்கு என் தங்கச்சி கிறீம் பூசுகிறாள். இந்தப் பிடரியைச் சுமந்தவனுக்கு நாங்கள் பெண் கொடுத்தோம், அவன் எங்களுக்கு என்ன கொடுத்தான். மாற்றுச் சம்பந்தம். இந்த வீட்டுப் பெண் அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டுக்கு. பெண்ணுக்குப் பெண் என்றபடியால் சீதனப் பேச்சே இல்லை, இரண்டு தகப்பன்மாரும் ஒரே வெற்றிலைத் தட்டில் கை வைத்துப் பேசி முடித்த காரியம். பூமணியை இவனுக்கு ஆனியில் செய்து வைத்தாயிற்று. இவன் தங்கச்சி மங்களத்தைத் தில்லையருக்கு, ஆடி கழியட்டும், ஆவணியில் என்றார்கள். ஒரே பந்தலில் இரண்டையும் முடித்திருக்கலாம், சாத்திரி நாள் சரியில்லை என்றான், நாசமறுந்த சாத்திரி. பந்தற்கால்கூடப் பிடுங்காமல் வைத்திருந்தார்கள் ஆவணிக்கென்று, மழையில் நனைந்து அது காளான் பூத்தது. நடுவில் ஒரு ஆடி மாதம். அந்த ஆடியில் ஒருநாள், கல்லுண்டாய் வெளியில், சோளகக் காற்றில், மங்களம் சைக்கிளின் பின் கரியரில் இருந்து, அந்த மதகு வருகிறதுக்கு முன்னால், இல்லை, அதை ஏன் இப்போது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆவணி பிறக்கிற நேரம் இவன்தான் வந்தான், இந்தக் குணம்தான் வந்து படலையில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "மச்சான், அவளுக்கு விருப்பமில்லையாம், நான் என்ன செய்ய" என்றான். நான் என்ன செய்ய! பெண்ணை எடுத்தவனுக்குக் கொடுக்கிற நேரம் கை இல்லை. கனடாவில் மாப்பிள்ளை கண்டுவிட்டார்கள், அதுதான் கதை, வேறு ஒரு கதையும் இல்லை.

"என்ன மச்சான், சத்தத்தைக் காணேல்லை. நித்திரையே?" குணம் திரும்பாமல் கத்தினான். "உழக்கிறன். நீ நேரை பார்த்து ஓட்டு." "எனக்கெண்டால் பின்னாலை ஒரு நெல்லுமூட்டை ஏத்தின மாதிரிக் கிடக்கு." "உன்ரை வீட்டுச் சோறு திண்டு ஊதின மூட்டைதானே, நீதான் இழுக்கோணும்." குணம் பெரிதாய்ச் சிரித்தான், சிரிப்பின் முடிவில் மூச்சு கொஞ்சம் தட்டுப்பட்டது. அவன் எதையும் பகிடியாக எடுத்துக்கொள்வான், அதுவும் ஒரு திமிர்தான். ஊரில் ஒன்றுமில்லாமல் இருந்த தில்லையரை இத்தாலிக்குக் கூப்பிட்டெடுத்தவன் அவன், பலெர்மோவில் தன் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தவன், சாப்பாட்டு மேசையில் மீனின் நடுத்துண்டை இவர் சோற்றுக் கோப்பையில் போடுகிறவன். ஒவ்வொரு துண்டையும் தில்லையர் விழுங்கியிருக்கிறார், ஒன்றும் செமித்ததில்லை. பெண்ணுக்குப் பதில் மீன் துண்டு. கலியாணம் செய்யாத மனுசனுக்கு ஒரு பின்னறை, பின் கட்டில், இப்போது ஒரு பின் பெடல். பாதை இலேசாய் ஏறத் தொடங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, ரயில் ஏற்றம், சமதரைபோலத்தான் இருக்கும், ஆனால் சங்கிலி இறுகுகிற சத்தத்தில் தெரியும். அண்ணை, ஏத்தம் வந்தால் நீ உழக்கு. தில்லையர் தன் தொடையைப் பார்த்தார். இருபது வருசமாய் இந்த நாட்டுக் கிழடுகளைக் கட்டிலில் இருந்து தூக்கி, குளிப்பாட்டி, திரும்பக் கிடத்தி உரம் ஏறின தொடை. அது மேலே வருகிற நேரம் அதைத் தூக்கக்கூட அவர் முயலவில்லை, அவனே தூக்கட்டும் என்று அப்படியே கனமாய் விட்டார். குணத்தின் தோள் இரண்டும் ஆடத் தொடங்கின. பிடரியில் வேர்வை வந்தது. வெயிலுக்கு வருகிற வேர்வை வழியும். இது வழியவில்லை, கிறீமுக்கு மேல் குருணி குருணியாய் அப்படியே நின்றது, காது மடல் வெளிறிப் பழந்துணி நிறத்துக்குப் போயிருந்தது. இந்த வேர்வையைத் தில்லையருக்குத் தெரியும். எத்தனை கிழடுகளின் கழுத்தில் துடைத்திருக்கிறார், துடைத்துவிட்டுப் போய் வீட்டுக்காரரை எழுப்பியிருக்கிறார். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என்னையா கேட்டான், சொல்ல. இடுப்புப் பைக்குள் அந்தச் சின்னப் போத்தல் ஒவ்வொரு சுற்றுக்கும் இடுப்பெலும்பில் தட்டியது, டொக், டொக். அன்றைக்கும் ஏதோ இப்படித்தான் தட்டியது, கரியரில், அவள் வளையலா, வளையல்தான், பிடிக்க ஒன்றும் இல்லாமல் இருக்கைக்குக் கீழே கம்பியைப் பிடித்திருந்தாள், மதகு வருகிறதுக்கு முன்னால் காற்று பின்னால் இருந்து தள்ளியது, இவர் இரண்டு கையையும், போதும். ஒலிவ மரம். ஒலிவ மரத்தைப் பார். இலை, வலை, காய்.

பாதையோரம் ஒரு இடிந்த ரயில்நிலையம் வந்தது, கூரை இல்லை, சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் உயிரோடு இருந்தது. குணம் பிரேக்கைப் பிடித்து, இறங்கி, சுவரில் கையூன்றி நின்றான். அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பெண்கள் நீளத் தடியால் கொப்பை உலுப்பிக் காய் விழுத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கண்டதும் இவனுக்கு அந்தக் கதை ஞாபகம் வந்துவிட்டது, வராமல் விடுமா, மூச்சு வாங்கினாலும் அந்தக் கதைக்கு மட்டும் இவனிடம் மூச்சு மிச்சம் இருக்கும். இத்தாலிய மொழியில் கையைக் காலை ஆட்டித் தொடங்கினான். எங்கள் ஊர்ப் பக்கம் வெரளிக்காய் என்று ஒன்று இருக்கிறது, பார்க்க அச்சொட்டாய் உங்கள் ஒலிவக்காய்தான், உப்பும் தூளும் போட்டுப் பச்சையாய்த் தின்னலாம். இந்த மனுசன் வந்து இறங்கின முதல் கிழமை, ரோட்டோரம் மரத்தைக் கண்டுவிட்டு, வெரளிக்காய் என்று ஒரு கைநிறையப் பிடுங்கி வாய்க்குள் போட்டான் என்று சொல்லிக்கொண்டே குணம் கன்னம் இரண்டையும் ஊதி, கண்ணைப் பிதுக்கி, துப்ப இடமில்லாமல் தவிக்கிற தில்லையராய் மாறி நின்றான். "துப்பினால் மரியாதையில்லையெண்டு முழுக்க விழுங்கினவன், தெரியுமே! ரெண்டு நாள் நாக்கு வழங்கேல்லை!" என்று கடைசியைத் தமிழிலேயே சொல்லி முடித்தான். அந்தப் பெண்கள் தமிழ் விளங்காமலே தடியை நிலத்தில் ஊன்றிச் சிரித்தார்கள். ஒருத்தி ஒரு காயைப் பிடுங்கித் தில்லையரிடம் நீட்டினாள். தில்லையர் அதை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வாய் முழுக்கப் பரவின அந்தக் கசப்பு, நாக்கைத் தோல்போல ஆக்கிவிட்ட கசப்பு, இவன் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தது, பிறகு ஒவ்வொரு கலியாண வீட்டிலும், பிறந்தநாளிலும், சாந்தா ரோசலியா கோயில் மலைக்கு நேர்த்திக்குப் போய் இறங்குகிற வழியிலும் இந்தக் கதை. பூமணியும் சிரிப்பாள். சொந்தத் தங்கச்சி. இவனுக்கு நெஞ்சில் கம்பி வைத்த கிழமை அந்த மலையை வெறுங்காலோடு ஏறினவள் அவள்தான். எனக்காக யார் ஏறினது. "மச்சான்" என்றான் குணம், சிரிப்பெல்லாம் வடிந்து, "நீ முன்னுக்கு ஏறன். எனக்கு இந்தக் கை கொஞ்சம் விறைக்குது. நான் பின்னுக்கு இருந்து வாறன்." எந்தக் கை என்று தில்லையர் பார்த்தார். இடக்கை. "காலமை திண்ட புட்டு நெஞ்சிலை நிக்குதோ தெரியேல்லை. பூமணியிட்டைச் சொல்லிப்போடாதை, பிறகு ஒரு மாசத்துக்குக் கஞ்சிதான்." கையில் மருந்து இருக்கிறது, அடிக்கட்டுமா என்று கேட்க ஒரு வசனம் போதும். பையின் ஸிப்பு வரைக்கும் தில்லையரின் கை போனது. போய், அந்த ஒலிவக்காயைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. "ஏறு" என்றார்.

முன்னுக்கு ஏறினதும் உலகம் திறந்துவிட்டது. பிடரி இல்லை. வெள்ளைப் பாதை, இரண்டு பக்கமும் மரம், தூரத்தில் ஒரு வளைவு, எல்லாம் அவருக்கே. ஆனால் நூறடி போகவில்லை, சைக்கிள் கனத்தது. உழக்க உழக்க ஏதோ சேற்றுக்குள் போகிறதுபோல. தில்லையருக்குச் சட்டென்று விளங்கியது: அவன் உழக்கவில்லை. பின்னுக்கு இருந்து சும்மா காலைச் சுற்றிக்கொண்டு வருகிறான். "உழக்கிறியே?" என்று கேட்டார். "உழக்கிறன் மச்சான்" என்று மெல்லிய சத்தம் வந்தது. அதே சொல். காலையில் இருந்து நான் சொன்ன அதே சொல், அதே மாதிரி. கண்டுபிடித்துவிட்டான், கள்ளன், நான் செய்ததைக் கண்டுபிடித்து இப்போது எனக்கே திருப்பிச் செய்கிறான். கை விறைப்பாம், புட்டாம். நான் ஒருத்தன் கொடுக்க வேண்டும், அவன் எடுத்துக்கொண்டு சும்மா இருப்பான், பிறந்த நாளில் இருந்து இந்தச் சம்பந்தம் இப்படித்தான். கோபம் காலுக்குள் இறங்கியது. நல்ல கால், காலை முழுக்க உறங்கின கால், இப்போது சைக்கிளை உந்திக்கொண்டு போனது. "கொஞ்சம் நிப்பாட்டு" என்றான் குணம். நிப்பாட்டமாட்டேன். கடைசி ரயில்நிலையத்தில் பூமணியும் துளசிகாவும் காரோடு நிற்பார்கள், அந்த வளைவு கழிந்தால் ஒரு நேர் ஏற்றம், அதோடு முடிந்தது. அதுக்குள் என்ன நிப்பாட்டல். "மச்சான், நிப்பாட்டு." "இந்தா வந்திட்டுது, இரு." "நிப்பாட்டு." அந்தச் சொல் பின்னால் இருந்து முதுகில் முட்டியது, அது குணத்தின் குரல் இல்லை, அது பெண் குரல், நிப்பாட்டுங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு, நிப்பாட்டுங்கோ. கல்லுண்டாய் வெளி, ஆள் இல்லாத ரோட்டு, சோளகம் பின்னால் இருந்து தள்ளுகிறது, கட்டப்போகிறவள் கரியரில், இளந்தாரிக்கு அது போதாதா. கையை விட்டார், இரண்டு கையையும். அவள் கத்தினாள். கத்தக் கத்த அவருக்கு இனித்தது. இன்னும் வேகமாய் உழக்கினார். அவள் அழுதாள், அழுகைகூட விளையாட்டென்றுதான், இல்லை, விளையாட்டில்லை என்று தெரியும், தெரிந்துதான் உழக்கினார். எனக்குப் பெண்சாதியாய் வருகிறவள் என் சைக்கிளில் இருந்துகொண்டு எனக்கு நிப்பாட்டு என்கிறதா. பிறகு திடீரென்று சைக்கிள் இலேசானது. அந்த இலேசு. காற்றுக்குள் ஏறினதுபோல் ஒரு இலேசு. குதித்துவிட்டாள். அவர் உடனே திரும்பவில்லை, மதகு வரைக்கும் போனார், அந்த இலேசு அவ்வளவு நன்றாய் இருந்தது. திரும்பி வந்தபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள், ஏறமாட்டேன் என்றாள், இவர் பக்கத்தில் மெல்ல உருட்டிக்கொண்டு, "விழுந்தனெண்டு சொல்லு, என்ன, விழுந்தனெண்டு சொல்லு" என்றார். அப்படியே சொன்னாள் போல. அதோடு வேறொன்றையும் சொன்னாள் போல. கனடா மாப்பிள்ளை அதற்குப் பிறகு வந்தவன், அதற்கு எவ்வளவோ பிறகு, சரி, வந்தால் என்ன. ஒரு சின்னப் பகிடி. அதுக்குப் போய் ஒரு ஆயுசையா எடுப்பார்கள். "மச்.." என்றது பின்னால் ஏதோ. தில்லையர் உழக்கினார். வளைவு வந்தது. சைக்கிள் ஒருதரம் உதறியது, ஹாண்டில் கொம்பு கையைவிட்டுப் பறியப் பார்த்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டார், சரளைக்கல்லில் ஏதோ மூட்டை விழுந்து இழுபட்ட சத்தம் கேட்டது.

பிறகு இலேசானது. அதே இலேசு. உடம்பு அதை மறக்கவில்லை, நாற்பது வருசமாய் எங்கேயோ பத்திரமாய் வைத்திருந்து, இந்தா என்று கொடுத்தது. இறங்கிவிட்டான், கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டான். நடந்து வருவான். அவளும் நடந்துதானே வந்தாள். பிரேக்கின்மேல் விரல் நாலும் கிடந்தன, மடங்கவில்லை. பைக்குள் போத்தலும் ஒலிவக்காயும் ஒன்றையொன்று தட்டிக்கொண்டு வந்தன. பின்னால் ஒரு சத்தமும் இல்லை, கூப்பிடவில்லை, கூப்பிட்டால் நிப்பாட்டலாம், கூப்பிடாதவனுக்காக எப்படி நிப்பாட்டுகிறது. வளைவு கழிந்து நேர்ப்பாதை விரிந்தது. ஏற்றத்தின் உச்சியில் மஞ்சள் பூசின சின்ன ரயில்நிலையம், வாசலில் துளசிகாவின் கார், அதற்கு முன்னால் பாதையின் நடுவில் நீலச் சேலையோடு பூமணி. கையைக் கண்ணுக்கு மேல் குடையாய்ப் பிடித்து அவள் இந்தப் பக்கம் பார்த்தாள். கண்டுவிட்டாள். கையைத் தூக்கி ஆட்டினாள், சின்னப் பிள்ளைபோலக் குதிக்காத குறையாய் ஆட்டினாள், ஏதோ கத்தினாள், அண்ணை என்றாயிருக்கும். அவள் சொன்னதைத்தானே செய்கிறேன் என்று தில்லையருக்குப் பட்டது, ஏத்தம் வந்தால் நீ உழக்கு என்றாள், இந்தா ஏற்றம், இந்தா உழக்குகிறேன். பாதை குறையக் குறையப் பூமணி பெரிதானாள். ஆட்டின கை மெல்ல மெல்ல மெதுவாகி, தலைக்கு மேல் அப்படியே நின்றது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. கழுத்தை ஒருபக்கம் சரித்து, அவருக்குப் பின்னால் இருக்கிற இருக்கையைக் காணப் பார்த்தாள். தில்லையர் உழக்கினார்.